மூடாத வாய்க்கு ஒன்பது வருடம்

எங்கள் தீவு ஊரான ஹீலோவில் மழைகூட நடுவில் கொஞ்சம் மூச்சு வாங்கும். என் பக்கத்து வீட்டு க்ளேடன் அங்கிள் பேச ஆரம்பித்தால் வாங்க மாட்டார். கறிவேப்பிலை வாங்கக் கடைக்குப் போவது போல, வெளியூர்ப் பணக்காரர்கள் பூட்டிவிட்டுப் போன கடற்கரை வீடுகளுக்குள் போய் வருவார். கையில் கிடைத்ததை எடுப்பார். சமைத்துச் சாப்பிட்டிருந்தால் பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டுத்தான் கிளம்புவார். எப்படியும் திருட்டு திருட்டுதான், சிறைக்குப் போனதில் எனக்கு வருத்தமில்லை.

நீதிபதி பத்து வருடம் என்றார். அது உச்ச அளவு. குறைந்தது எத்தனை வருடம் உள்ளே இருக்க வேண்டும் என்பதை எங்கள் ஊரில் பரோல் வாரியம்தான் பிறகு கூடி முடிவு செய்யும்.

அந்த வாரிய விசாரணையில் அதன் தலைவி மரியாதைக்கு, "ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டுவிட்டார். கையில் பீரோடு கடற்கரையில் உட்கார்ந்திருப்பதாக அங்கிளுக்கு நினைப்பு. போலீஸுக்கே தெரியாத இரண்டு வீடுகளையும் சேர்த்துச் சொன்னார்.

"அந்த மேட்டு வீட்டு மெத்தை சரியில்லீங்க. முதுகு பிடிச்சுக்கிச்சு."

ஒன்பது வருடம் என்றது வாரியம். ஏன் என்று ஒரு வரி இல்லை. எனக்கே கோபம் வந்தது.

அங்கிளுக்கு அரசே ஒரு வக்கீலைக் கொடுத்திருந்தது. அவர் நீதிமன்றம் போனார். காரணம் சொல்லாமல் வருடம் சொல்லக் கூடாது, மறுபடி விசாரியுங்கள் என்றார் நீதிபதி. குறைக்கச் சொல்லவில்லை. காரணத்தோடு அதே ஒன்பதும் வரலாம்.

அங்கிளின் மனைவி லெஹுவா ஆன்ட்டி என்னையும் இழுத்துக்கொண்டு சிறைக்குப் போனார்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. மெத்தைங்கிற பேச்சு வந்துச்சு, தொலைச்சிடுவேன். எனக்கு அறுபது தாண்டிடுச்சு, க்ளேடன். ஒன்பது வருஷம் கழிச்சு நீ பேச வருவ. கேக்க நான் இருக்கணுமில்ல?"

அங்கிள் முதல்முறையாகப் பேசாமல் தலையாட்டினார்.

மறுவிசாரணையிலும் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கே பாவமாக இருந்தது. தலைவி ஆன்ட்டியைப் பார்த்து, "நீங்க ஏதாவது?" என்றார். போன முறை தலையசைத்து மறுத்த ஆன்ட்டி, இந்த முறை எழுந்தார்.

"வாயை மூடு, வாயை மூடுன்னு காலம்பூரா சொன்னேன். இப்ப வீட்டுல சத்தமே இல்லீங்க. அந்த ஃபேன் ஒண்ணுதான் ராவும் பகலும் கடகடன்னு பேசிக்கிட்டிருக்கு. அதைப் போட்டாத்தான் தூக்கமே வருது."

"எந்த ஃபேன்?"

"இந்த ஆளு மேட்டு வீட்டுலேருந்து எடுத்துட்டு வந்தாரே, அது."

தலைவி பேனாவைக் கையில் எடுத்தார்.

"லெஹுவா! வாயை மூடு!" என்று கத்தினார் அங்கிள்.

வாரியத்தில் ஒருவர் தண்ணீர் குடிப்பது போலக் குனிந்து சிரித்தார்.

சில வாரங்களில் முடிவு வந்தது: ஐந்து வருடம். காரணமும் இருந்தது. யாரையும் காயப்படுத்தவில்லை, கேட்காத குற்றங்களையும் தானே ஒப்புக்கொண்டார். எந்த வாயை அடைக்கப் படாதபாடு பட்டோமோ, அந்த வாய்தான் காப்பாற்றியிருக்கிறது. ஆன்ட்டி அழுதார், நானும்தான்.

மறுநாளே ஆன்ட்டி ஃபேனைத் துடைத்து, ஊருக்கு வந்திருந்த மேட்டு வீட்டுக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். புழுக்கத்தில் என்ன செய்வார் என்று என் வீட்டுப் புது ஃபேனைக் கொடுத்தேன்.

விடிந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"நல்லாத்தான் காத்து வருது, டோரின். ஆனா ஒரு சத்தமும் இல்லையே. இதை வெச்சுக்கிட்டு நான் எப்படி அஞ்சு வருஷம் தூங்குறது?"