திட்டில் ஏறிய வாத்து

அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஏரி. ஏரி நடுவே ஒரு திட்டு. கருவேல மரங்களும் அவற்றில் கூடு கட்டும் கொக்குகளும் தவிர அங்கே வேறொன்றும் கிடையாது. நான் மூன்றாம் வகுப்புப் படித்த வருஷம், அதைப் பறவைகளுக்கென்று ஒதுக்கிவிட்டதாகக் கரையில் போர்டு நட்டார்கள். காக்கிச் சட்டையும் விசிலுமாக ஒரு காவலரும் வந்து சேர்ந்தார்.

அந்தத் தீபாவளி அக்காவுக்குத் தலைதீபாவளி. புது மாப்பிள்ளைக்கு வாத்துக்கறி போடாவிட்டால் எங்கள் வீட்டுக் கௌரவம் என்ன ஆவது? வீட்டில் இருந்ததோ ஒரே வாத்து. கோழியிடம் அடை வைத்துப் பொரித்தது. என் பாவாடையைக் கொத்தி இழுத்துக்கொண்டே வளர்ந்தது. முந்தின நாள் முழுக்க அழுதேன்.

விடிந்ததும் அப்பா வாத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, அறுத்துக் கழுவ ஏரிக்குப் புறப்பட்டார். எண்ணெய் வழியும் தலையோடு பின்னாலேயே ஓடினேன்.

“ஒரே ஒரு வாட்டி நீந்தட்டும்பா” என்று கெஞ்சினேன்.

அப்பா என் முகத்தையே சற்று நேரம் பார்த்தார். பிறகு வாத்தைத் தண்ணீரில் விட்டார். அது நேரே போய்த் திட்டில் ஏறிக்கொண்டது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டி இறங்கியபோது விசில் அலறியது.

“திட்டுல ஏறிடுச்சில்ல? இனிமே அது சர்க்கார் பறவைங்க. தொட்டா கேஸு!” என்றார் காவலர்.

“அநியாயமா பேசாதீங்க. எங்க வூட்டு வாத்துங்க அது.”

“போர்டுல பறவைனுதான் போட்டிருக்கு. யார் வூட்டுப் பறவைனு போடலியே?”

பஸ் கண்டக்டரிடம்கூட விட்டுக்கொடுக்காத அப்பா, மறுபேச்சில்லாமல் கரையேறிவிட்டார். நான் துள்ளிக் குதித்தேன்.

மத்தியானம் மாப்பிள்ளை மாமாவுக்குக் கடையில் வாங்கிய கோழிதான். பக்கத்து இலையில் பார்த்தால் அந்தக் காவலர்! அப்பா நல்ல துண்டாகப் பொறுக்கி அவருக்குப் போட, இருவரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள்.

பொழுது சாய்ந்ததும் வாத்து வழக்கம்போலத் தானாகவே வீட்டுக்கு நடந்து வந்தது.

“சர்க்கார் பறவை. கேஸ் ஆயிடும், யாரும் கை வெக்காதீங்க” என்று சொல்லி அப்பா அதன்மேல் கூடையைக் கவிழ்த்தார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனாலும், ஊரில் யாரிடமும் தோற்காத அப்பா ஒரு விசில்காரரிடம் தோற்றுப்போனாரே என்று கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.