கிடாரில் தலைகீழாக ஒரு பெயர்

போன ஞாயிற்றுக்கிழமை பெருங்களத்தூரில் ஒரு கல்யாண ரிசப்ஷன். மேடையில் மெல்லிசைக் கச்சேரி. பக்கத்து நாற்காலிக்காரர் ஐஸ்கிரீம் ஸ்பூனால் மேடையைக் காட்டினார்.

"சார், அந்த கிடார் வாசிக்கிற பொண்ணைப் பாருங்க. கிடார்ல பேரு தலைகீழா கீது. எந்த மடையன் எழுதினானோ!"

நான் ஐஸ்கிரீம் உருகுகிறதே என்று கவலைப்படுவதுபோல் முகத்தை வைத்துக்கொண்டேன். ஏனென்றால், அந்தப் பெண் என் தங்கை சுகந்தி. அந்த மடையன்... சாட்சாத் நான்தான்.

எட்டு, ஒன்பது வருஷம் இருக்கும். அப்போது அஸ்தினாபுரத்தில் இருந்தோம். சுகந்தி வாரநாட்களில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். சனி, ஞாயிறு ஒரு மெல்லிசைக் குழுவில் கிடாரிஸ்ட். ஏழு ஆண்களுக்கு நடுவே இவள் ஒருத்தி. கேசட்டை ரீவைண்ட் செய்து செய்து, விரல் நுனி காய்த்துப்போய்க் கற்றுக்கொண்டவள்.

கச்சேரி நடுவில் அறிவிப்பாளர் எல்லோரையும் அறிமுகப்படுத்துவார். தபலா இன்னார், கீபோர்டு இன்னார், டிரம்ஸ் இன்னார்... இவள் முறை வந்ததும், "கிடாரில் நமது அன்புச் சகோதரி!" அவ்வளவுதான். கைதட்டல், அடுத்த பாட்டு.

ஒரு நாள் காலை காபியை வைத்துக்கொண்டு கேட்டாள். "ஏண்ணா, அவ்ளோ பேருக்கும் பேர் இருக்கு. எனக்கு மட்டும் ஏன் இல்ல?"

எனக்குச் சுருக்கென்றது. "சொல்ல மாட்டாங்களா? கிடார்லயே எழுதிடுவோம். படிச்சுக்கட்டும்!" என்றேன். அண்ணன்மார்களுக்கே உரிய வீராப்பு!

கிடார் அவளுடைய முதல் போனஸில் வாங்கியது. கன்னங்கரேல் என்று இருக்கும். அதில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம் — அப்படியொரு பளபளப்பு. அந்தப் பளபளப்புதான் வில்லன். தாம்பரத்தில் வண்டிகளுக்கு நம்பர் பிளேட் எழுதும் தாஸ் அண்ணனிடம் கொண்டுபோனோம். ஓரமாக ஒரு புள்ளி வைத்துப் பார்த்தார். பெயிண்ட் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போனது.

"இன்னா சார், கண்ணாடி மாதிரி கீது. நிக்காது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கணும்."

"உப்புத்தாளா? என் கிடார்லயா?" சுகந்தி கிடாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

தாஸ் அண்ணன் தலையைச் சொறிந்தார். கடைசியில் கை கொடுத்தது வெள்ளைப் பல்பொடி! ஈரத்துணியில் தொட்டு, எழுத்து வரும் இடத்தை மட்டும், குழந்தைக்கு முகம் துடைப்பதுபோலத் தேய்த்தார். பிசுக்கு போனதும் பெயிண்ட் பிடித்துக்கொண்டது. "கீழ உபயம் யாருன்னு போடணுமா சார்?" என்று வேறு கேட்டார். கோயில் டியூப்லைட்டுக்கு எழுதிய பழக்கம். எங்கள் அப்பாவோ, பெயருக்குப் பின்னால் பி.காம். போடாமல் வரக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார். இரண்டிலிருந்தும் தப்பித்தோம்.

"எந்தப் பக்கம் சார் மேல வரும்?" என்றார்.

அங்கேதான் நான் வாயைத் திறந்தேன். ஸ்டூலில் உட்கார்ந்து, கிடாரை வாசிப்பவனைப்போலவே பிடித்து, குனிந்து பார்த்து — "இப்படிப் பார்த்தா நேரா தெரியணும்" என்று விரலால் கோடு காட்டினேன். பொன்மஞ்சளில் 'சுகந்தி' என்று எழுதினார். அச்சடித்ததுபோல இருந்தது. காய்ந்ததும் அவளும் மடியில் வைத்துப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

அடுத்த கச்சேரி கீழ்க்கட்டளையில், கோயில் திருவிழாவுக்கு. முதல் வரிசையில் நான். திரை விலகியது... ஐயோ! குனிந்து வாசிப்பவளுக்கு நேராகத் தெரிந்தால், எதிரே இருக்கிறவனுக்கு எப்படித் தெரியும்? என் தங்கையின் பெயர் ஊர் முன்னால் தலைகீழாக நின்றது. கூட்டத்தில் கொல்லென்று சிரிப்பு. நாற்காலிக்கு அடியில் புகுந்துகொள்ளலாமா என்றிருந்தது.

அறிமுக நேரம் வந்தது. "கிடாரில் நமது அன்பு..." என்று ஆரம்பித்த அறிவிப்பாளர், எதற்கு மறுபடி சிரிக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார். கழுத்தைச் சாய்த்தார். இன்னும் சாய்த்தார். மைக்கை வாயிலிருந்து எடுக்காமலே எழுத்துக் கூட்டினார்: "சு... க... ந்... தி. சுகந்தி!"

விசில் பறந்தது. கூட்டமே "சுகந்தி! சுகந்தி!" என்று கத்தியது. அதற்கு அவள் ஒரு பிட் வாசித்தாள் பாருங்கள்... எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

ஆனாலும் குற்ற உணர்ச்சி விடுமா? மறுநாள், "அழிச்சிட்டு நேரா எழுதிடலாம்மா" என்றேன்.

"வேணாம்ணா. அவங்க சொன்னாலும் சொல்லலன்னாலும், நான் குனிஞ்சா என் பேரு எனக்கு நேரா தெரியுது. இருக்கட்டும்."

யோசித்துப் பாருங்கள். நாம் எல்லோரும் பெயர்ப் பலகையைத் தெருவைப் பார்த்துத்தான் மாட்டுகிறோம். வீட்டுக்குள் இருக்கிறவருக்கு அது தெரிவதே இல்லை.

பெருங்களத்தூருக்கு வருவோம். இப்போதெல்லாம் அந்தக் குழுவில் அறிமுகமே அவளிடமிருந்துதான் ஆரம்பம். "கிடாரில், சுகந்தி!" என்றதும் மண்டபம் அதிர்ந்தது. பக்கத்து நாற்காலிக்காரரும் ஐஸ்கிரீம் கப்பைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார்.

"இன்னாமா வாசிக்குது சார்! உங்களுக்குத் தெரிஞ்ச பொண்ணா?"

"என் தங்கச்சி சார்! பேரை எழுத வெச்ச மடையனும் நான்தான்!"

கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. முன் வரிசையில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

பார்க்கட்டுமே!