அட்டையில் இல்லாத மூன்று

எங்கள் பல் கிளினிக்கில் எக்ஸ்ரே எடுக்கும் அக்கா எதற்கும் அலட்டிக்கொள்ளமாட்டார். பதினெட்டு வருஷமாக வரவேற்பு மேசையிலிருந்து பார்க்கிறேன். எப்பேர்ப்பட்ட வாய்ச்சவடால் ஆளும் அவர் "ஆ காட்டுங்க" என்றதும் அடங்கிவிடுவான். அந்த அக்காவே அன்று நிமிர்ந்து பார்க்கத் தயங்கினார்.

எதிரே, எங்களிடம் பல் பார்த்துக்கொள்ளும் சலூன்காரர் நின்றார். கழுத்தில் சின்னதாக ஒரு கட்டி. புற்றுநோயோ என்று பெரியாஸ்பத்திரியில் ஊசியால் கொஞ்சம் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு வெள்ளிக்கிழமை வரும்.

"பல்லுக்கு இதுவரைக்கும் எத்தன எக்ஸ்ரே எடுத்தீங்கன்னு பெரியாஸ்பத்திரி டாக்டர் கேட்டார்ம்மா. எழுதிக் குடுங்க, காட்டிடறேன்."

எக்ஸ்ரே கணக்கு எழுதும் அவருடைய அட்டையில் ஆறு என்று இருந்தது. ஒன்பது என்பது அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மூன்று தடவை அக்கா எக்ஸ்ரே குழாயைக் கோணலாக வைத்ததில் பாதிப் பல்தான் பிலிமில் விழுந்தது. பிலிம் வீணானால் டாக்டர் குதிப்பார். அதனால் கெட்டதைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு அக்கா மறுபடி எடுத்துவிடுவார். கதிர் படாமல் கழுத்துக்குக் கட்டும் ஈயப் பட்டை அந்த அவசரத்தில் ஆணியிலேயே தொங்கும். நானும் கண்டும் காணாமல் இருந்தேன். அதை நினைத்தால் இன்றும் என்மேலேயே எரிச்சல் வருகிறது.

அக்கா பேனாவை எடுத்தார், வைத்தார். டாக்டரின் அறைக் கதவு திறந்தே இருந்தது. ஆறு என்று எழுதினால் வேலைக்கு ஆபத்தில்லை.

"ஒன்பது," என்றார். "மூணு என் தப்பு. அட்டையில எழுதல."

டாக்டர் எழுந்து வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தாலும் சலூன்காரரிடம் பொறுமையாகத்தான் பேசினார்.

"பல் எக்ஸ்ரேல கதிர் ரொம்பக் கம்மிங்க. அதனாலதான் கட்டி வந்துச்சுன்னு சொல்ல முடியாது. ஆனா தேவையில்லாம ஒண்ணுகூட எடுத்திருக்கக் கூடாது." பிறகு அக்காவிடம், "நீங்க அப்புறம் உள்ள வாங்க" என்றார்.

சலூன்காரர் டாக்டர் பக்கம் திரும்பவே இல்லை, அக்காவையே பார்த்தார்.

"அந்த மூணு தடவையும் நான் அசைஞ்சுட்டேன்னுதானேம்மா திட்டினீங்க?"

"ஆமாங்க. நீங்க அசையல," என்றார் அக்கா.

"நாள் முழுக்க அடுத்தவங்கள அசையாதீங்கன்னு சொல்றவன் நான். நம்மால முடியலையேன்னு கடையில கண்ணாடி முன்னால மூச்சப் புடிச்சு உக்காந்து பழகினேன்."

வெள்ளிக்கிழமை சலூன்காரரிடமிருந்து போன் வந்தது. சாதாரணக் கட்டிதானாம். நான் சத்தமாகச் சொன்னதும் அக்கா உடைந்து அழுதார்.

"அக்கா பக்கத்துலதான் இருக்காங்க, குடுக்கட்டுமா?"

"வேணாம்மா," என்று அவர் போனை வைத்துவிட்டார்.

அக்கா அதற்குள் போனுக்காகக் கையை நீட்டியிருந்தார்.