வடிகட்டி குடித்த சாயம்

வீட்டில் அவளைச் சின்னவள் என்பார்கள். கல்லூரியில் வேதியியல் படிக்கிறாள். கூடப் படிப்பவர்கள் கோடை விடுமுறையில் ஊர் சுற்றக் கிளம்ப, இவள் மட்டும் ஓர் ஆய்வுக்கூடத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தாள்.

கழிவுநீரிலிருந்து சாயத்தை எடுப்பதுதான் அங்கே வேலை. கடலைத் தோலைக் கருக்கிப் பொடித்து, நீலச் சாயம் கலந்த தண்ணீரில் போட்டுக் குலுக்க வேண்டும். பிறகு அந்தத் தண்ணீரை ஊசிக்குழலில் உறிஞ்சி, அதன் மூக்கில் பொத்தான் அளவு வடிகட்டியைத் திருகி, கரித்தூள் இல்லாமல் வடித்து, நிறம் அளக்கும் கருவியில் வைக்க வேண்டும்.

கருவி ஒவ்வொரு முறையும் நல்ல சேதியே சொன்னது. சாயத்தில் பத்தில் ஒன்பது பங்கைக் காணோம்! சின்னவளுக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து மேசையில் முனைவர் பட்டத்துக்கு உழைத்துக்கொண்டிருந்த அக்காகூட, "கைராசிக்காரிடி நீ" என்றாள். தையல்காரரான அப்பா, வந்து போகிற வாடிக்கையாளர்களிடமெல்லாம் மகளின் கரிப்பெருமையை அளந்தார்.

கடைசி வாரம் வந்தது. வரைபடத்தில் ஒப்பிட்டுக் காட்டுவதற்காக, கரியே போடாத சாயத்தண்ணீரையும் ஒருமுறை வடித்து அளந்தாள். கருநீலமாக வரவேண்டிய தண்ணீர் கண்ணாடிபோல வந்தது. குழாய் மாறிவிட்டதோ என்று மறுபடி செய்தாள். அதே கதை. வடிகட்டியை உடைத்துப் பார்த்தாள். உள்ளே இருந்த மெல்லிய சவ்வு நீலம் பாரித்துக் கிடந்தது. இத்தனை நாளும் சாயத்தைக் குடித்தது அவளுடைய கரி இல்லை, இந்தப் பொத்தான்தான்.

அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.

"முதல் நாளே கரி போடாத சாயத்தண்ணிய வடிச்சுப் பாக்கச் சொல்லியிருக்கலாம்லக்கா?"

"யாருக்குத் தோணுச்சு? எல்லாரும் இதைத்தானே வாங்கறாங்க." அக்காவின் முகம் செத்துவிட்டது. "என் வேலை பூரா இதுலதான்டி வடிச்சேன். கிளம்பற நேரத்துல இதை நோண்டணுமா நீ?"

ஆய்வுக்கூடத்தை நடத்தும் பேராசிரியர் அம்மையாரிடம் போனார்கள். யாரையாவது நாலு வார்த்தை திட்டுவார், மனசு ஆறும் என்று சின்னவள் எதிர்பார்த்தாள். அவரோ சவ்வை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "வடிகட்டியே வேணாம். சுழல் இயந்திரத்துல வெச்சு கரிய அடியில படிய விடு. முடிஞ்ச வரைக்கும் திரும்பப் பண்ணு" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

சுழல் இயந்திரத்துக்கோ எப்போதும் வரிசை. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். குறுக்கே புகுந்த ஒருவனிடம் வாய்க்கு வந்தபடி கத்தினாள். அப்புறம் கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். அத்தனை பாட்டுக்கும் கிடைத்த விடை: கரி எடுத்த சாயம் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதிலும் ஒருமுறை வந்த எண் மறுமுறை வரவில்லை.

பயிற்சிக்கு வந்தவர்கள் தங்கள் முடிவுகளைச் சொல்லும் இறுதி நாள் அரங்கில் உள்ளதை உள்ளபடி சொன்னாள். முன்வரிசையில் இருந்த தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்போ இந்தக் கரி வேலைக்காகாதா?"

"ஆகும் சார். நாங்க நெனச்ச அளவுக்கு ஆகாது."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வண்ண வண்ணமாகப் படம் ஓட்டிய பையனுக்குப் பரிசு போயிற்று. இவள் கைக்கு வந்த சான்றிதழில் 'வெற்றிகரமாக முடித்தார்' என்று அச்சடித்திருந்தது. படிக்கப் படிக்க எரிச்சல் வந்தது. சுருட்டிப் பைக்குள் திணித்தாள்.

அப்பா தொலைபேசியில் அழைத்தார். "என்னம்மா, தண்ணி சுத்தமாச்சா?"

"ஆச்சுப்பா. என்னாலதான் ஆகல."

"புரியற மாதிரி சொல்லு."

"வீட்டுக்கு வந்து சொல்றேன்."

வெள்ளை அங்கியைத் திருப்பிக் கொடுக்க ஆய்வுக்கூடத்துக்குப் போனபோது, அக்கா மட்டும் சுழல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்தாள். மேசை முழுக்க நீலத் தண்ணீர்க் குழாய்கள். தன் வேலையை முதலிலிருந்து தொடங்கியிருந்தாள். இவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. மன்னிப்புக் கேட்கலாமா என்று நினைத்தாள் சின்னவள். எதற்கு என்றுதான் தெரியவில்லை.

"போறதுக்கு முன்னாடி இதுங்கள்லாம் ஒரே எடையா இருக்கான்னு பாத்துட்டுப் போயேன், இல்லன்னா சுத்தறப்ப இயந்திரம் ஆடும்," என்றாள் அக்கா, கடுகடுவென்று. "உன்னாலதான் இந்த அவஸ்தை."

"என்னாலயா? வடிகட்டியாலன்னு சொல்லுங்க!"

சொன்னாளே தவிர, கழற்றிய அங்கியை மறுபடி மாட்டிக்கொண்டு, எரிச்சல் தீராத முகத்தோடு தராசின் முன் உட்கார்ந்தாள்.