மாதாவிடமிருந்து திரும்ப வாங்கிய கடிதம்

பங்கு மக்களே, இதைச் சொல்ல ரொம்ப நாள் வெட்கப்பட்டேன். இப்போது வெட்கமில்லை.

என் அண்ணன் ஆரோக்கியராஜ் இங்கிலாந்துக்கு ஓட்டல் வேலைக்குப் போனவன். அங்கே ஒரு சண்டையில், உடன் வேலை செய்தவரை இரும்புச் சட்டியால் அடித்துத் தாடையை உடைத்துவிட்டான். நான்கு வருடத் தண்டனை. எங்கள் அப்பாவுக்கு, நைனாவுக்கு, வாரம் இரண்டு முறை விழுப்புரத்தில் டயாலிசிஸ். "நான் உயிரோட இருக்கசொல்ல வருவானா?" என்று மட்டும் கேட்டார். எனக்கு ஜெபமே வரவில்லை.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவள் நான். தீர்ப்பை ஆங்கிலத்திலேயே திரும்பத் திரும்பப் படித்தேன். முதல் வாய்ப்பிலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டால் அங்கே தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு குறையும். அண்ணன் தாமதமாக ஒப்புக்கொண்டான் என்று நீதிபதி கொஞ்சம்தான் குறைத்திருந்தார். ஆனால் அவனைக் கோர்ட்டில் நிறுத்திய முதல் இரண்டு முறையும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வரவே இல்லை. மேல்முறையீட்டுக்கு இருபத்தெட்டு நாள்தான். அண்ணனுக்காக வாதாடிய அங்குள்ள வக்கீலம்மா போனில் கேட்டார்: "ஆரம்பத்திலேயே ஒப்புக்கொள்ள நினைத்தான் என்பதற்கு எழுத்தில் ஏதாவது இருக்கிறதா?"

இருந்தது. பிடிபட்ட முதல் வாரமே அண்ணன் எழுதிய கடிதம். 'நான்தான் அடிச்சேன். கோர்ட்டுல சொல்லலாம்னா நம்ம மொழி தெரிஞ்ச ஆள் வரல.'

அம்மாவிடம் கேட்டேன்.

"கோயில்ல இந்த நவநாள் பெட்டில போட்டுட்டேன்டி. ஊருக்குத் தெரிஞ்சா கேவலம். மாதா மட்டும் படிக்கட்டும்னு."

ஒன்பது நாள் ஜெபம் முடிகிற சனிக்கிழமை, பெட்டியில் எழுதிப் போட்ட மன்றாட்டுகளை எரித்துவிடுவோம், உங்களுக்கே தெரியும். அன்று வெள்ளி.

நைனா தடுத்தார். "அவன் அடிக்கவே இல்லன்னு எழுதிப் போடு. இன்னா படிப்பு படிச்ச நீ?"

"அடிச்சான் நைனா. அத சொன்னாத்தான் குறையும்."

கோயிலில் நம் உபதேசியார் பெட்டிச் சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டார். "மாதாவுக்குப் போட்டத திருப்பிக் கேக்கறியா?"

"அவங்க படிச்சிருப்பாங்க ஐயா. இப்ப ஜட்ஜ் படிக்கட்டும்."

சிரித்துவிட்டார். பெட்டி திறந்தது.

முழங்காலிட்டேன். தாயே, அவனை நிரபராதி ஆக்க வேண்டாம், நியாயமான அளவு போதும் என்றேன். அதுதான் அந்த மாதத்தில் நான் செய்த முதல் ஜெபம். பிறர் சீட்டுகளைப் படிக்காமல் ஒவ்வொன்றாக ஒதுக்கினேன். அடியில், வெளிநாட்டு முத்திரையோடு உறை கிடந்தது. அன்றே நானே மொழிபெயர்த்தேன். செஞ்சியில் நோட்டரி கையெழுத்து வாங்கி அனுப்பினேன். கெடுவுக்கு மூன்று நாள் மீதி.

சில மாதம் கழித்து மூன்று நீதிபதிகள் தண்டனையை மூன்று வருடமாகக் குறைத்தார்கள். கடிதத்தைப் படித்ததாகத் தீர்ப்பிலேயே எழுதியிருந்தார்கள். அதிலும் ஒரு பகுதி முடிந்ததும் அண்ணனை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். இனி அந்த நாட்டுக்குப் போக முடியாது. பரவாயில்லை. நைனாவை விழுப்புரம் கூட்டிப்போவது இப்போது அவன்தான்.

அடிபட்டவருக்காகவும் எங்கள் வீட்டில் தினமும் ஜெபிக்கிறோம். அதை ஆரம்பித்தவன் அண்ணன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு வழக்கு இருக்கலாம். மாதாவிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். எங்களுக்காகப் பேசிய தாய் உங்களுக்காகவும் பேசுவாள். பொய்யை மட்டும் அவள் கையில் கொடுத்துவிடாதீர்கள்.