உள்ளே விட்ட நாலடி

அந்தப் பூங்காவின் மதில், வாசலுக்கு ஒரு பக்கம் மட்டும் நாலடி உள்வாங்கியிருக்கும். புதிதாகக் குடிவந்தவர்கள் அதைக் கொத்தனாரின் கைப்பிழை என்று நினைக்கிறார்கள். தையல்கார அக்காவுக்குத்தான் சங்கதி தெரியும்.

அன்று அது இரண்டு தெருக்களுக்கு நடுவே வெறும் பொட்டல். ஓரத்து மரத்தடியில் அக்காவின் மிஷின். பதினோரு வருஷம் நகராமல் நின்று, நாலு காலும் மண்ணில் குழி பறித்திருந்தன. வீட்டுக்குள் மிஷின் போட இடமில்லை. அந்த நிழல்தான் பிழைப்பு.

பூங்கா அமைக்க வந்த நகராட்சிப் பெண் வரைபடத்தை விரிக்கவில்லை. ஆளுக்கொரு டப்பா சுண்ணாம்புத் தூள் கொடுத்து, தினம் நடக்கிற வழியில் தூவிக்கொண்டே நடக்கச் சொன்னாள். தெருவே நடந்தது. அக்காவும் நடந்தாள், வீட்டிலிருந்து மிஷின் வரை. எல்லாக் கோடும் மரத்தடியில் வந்து முட்டின. பின்னே, துணி கொடுக்க எல்லாரும் அங்கேதானே வருகிறார்கள்? வாசல் அங்கேதான் என்று ஒரே குரலில் தீர்த்துவிட்டார்கள். வாசல் வந்தால் மிஷின் எங்கே போகும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

நாடா வைத்திருப்பவள் என்று வாசலை அளக்கும் வேலை அக்கா தலையில் விழுந்தது. கூட்டத்தில் வாய் திறந்து பழக்கமில்லாதவள். தன் இடத்தைத் தானே அளந்து, தன் சாக்குக்கட்டியாலேயே கோடும் போட்டாள்.

"போதுமாக்கா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

அக்கா தரையைப் பார்த்தபடி சொன்னாள். "சட்டை தைச்சா உள்ள கொஞ்சம் துணி விடுவோம்மா. உடம்பு போட்டா பிரிச்சு விடணுமில்ல. இதுக்கும் விடணும்."

"எவ்வளவு?"

நாடா மிஷினின் இந்தக் காலிலிருந்து அந்தக் கால் வரை போய், அக்காவின் முழங்காலுக்கும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டது. நாலடி.

சைக்கிள் கடை வைத்திருந்த கொழுந்தன் சும்மா இருப்பானா? "அண்ணி, அளவு பூங்காவுக்கா, மிஷினுக்கா?"

கூட்டம் சிரித்தது. அக்காவுக்குக் காது சுட்டது.

"மிஷினுக்குத்தான். அது இல்லாட்டி உங்களுக்கெல்லாம் இந்தப் பக்கம் என்ன வேலை?"

சிரிப்பு அடங்கியது. அந்தப் பெண் குனிந்து, நாலு குழிகளையும் வரைபடத்தில் குறித்துக்கொண்டாள். மிஷினை நகர்த்த மனம் வராமல் கொத்தனார் அதன் கால்களைச் சுற்றியே சிமெண்ட் பூசினார்.

அந்த நாலடியில் இன்னும் இருபது வருஷம் தைத்தாள் அக்கா. கண் மங்கியபின் மிஷினை விற்றாயிற்று. மழை விட்டதும் சிமெண்டுக் குழி நாலிலும் தண்ணீர் நிற்கும். பிள்ளைகள் அவற்றைத் தாண்டித் தாண்டிக் குதிக்கும். மாடியிலிருந்து பார்க்கும் அக்காவின் வலது கால் தானாக மிதிக்கும்.