மூன்றாவது பொன்னாடை

ஊட்டியிலிருந்து நடுவட்டம் போகும் பேருந்தில் என் பக்கத்தில் ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். குரங்குக் குல்லா, ஸ்வெட்டர், அதற்கு மேல் ஜரிகை போட்ட பொன்னாடை. அந்தக் குளிருக்கு அது எந்த மூலைக்கு? என்ன விசேஷம் என்று கேட்டேன்.

"ஒரு இசைத்தட்டுக் கம்பெனியோட அம்பதாவது வருச விழாங்க. சென்னைக்குப் போயிட்டு வர்றனுங்க. பழைய பாடகருன்னு இருபத்தஞ்சுக்கும் கூப்புட்டாங்க, நாப்பதுக்கும் கூப்புட்டாங்க. இது மூணாவது பொன்னாடைங்க."

"எந்தப் பாட்டு பாடினீங்க?"

"ஒரே பாட்டுதானுங்க. கம்பெனி ஆரம்பிச்ச வருசமே பாடிக் குடுத்தேன். இன்னும் வெளிய வரலீங்க."

"மேடையிலேயே கேட்டிருக்கலாமே?"

"நல்ல நாளும் அதுவுமா அதைக் கேக்கறதுங்களா? அப்புறம் அடுத்த விழாவுக்குக் கூப்புட மாட்டாங்க."

பைக்காரா தாண்டியதும் ஜன்னல் பக்கம் திரும்பி மெல்ல முணுமுணுத்தார். அருமையான குரல். முழுதாகப் பாடுங்கள் என்றேன். இரண்டு வரியோடு சட்டென்று நிறுத்தி, கண்டக்டர் கேட்டுவிட்டாரோ என்று எட்டிப் பார்த்தார்.

"கம்பெனிக்கு உரிமைய எழுதிக் குடுத்த பாட்டுங்க. நம்ம வெளிய பாடக் கூடாது."

அந்த இரண்டு வரியும் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. அக்கம்பக்கத்தில் யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டுதான் நானும் முணுமுணுக்கிறேன்.